சீசன் முடிந்த பிறகும் ஊரில் இருப்பவள்

செங்கோட்டை

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாடி வேலை ஒருவழியாக முடிந்ததும், பேத்தி அழாமல் பள்ளிக்கூடம் போவதும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. முட்டி வலிக்கு அந்த டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். இங்கே எல்லோரும் சௌக்கியம். சாரல் பிடித்துவிட்டது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கிறது, தீப்பெட்டி நமத்துப்போகிறது. குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று டிவியில் சொன்ன அன்றே பிரானூர்ப் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்துவிட்டன. பரோட்டாக் கடைகளில் இடம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் கால் கடுக்க நிற்கிறார்கள்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். பாஸ்டனில் இருக்கும் என் மகன் ஒரு பெட்டி நிறையத் துப்பறியும் நாவல்கள் அனுப்பியிருக்கிறான். எல்லாம் ஒரே தீவில் நடப்பவை. மாசசூசெட்ஸ் கரையிலிருந்து கப்பலில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற மார்த்தாஸ் வின்யார்ட் என்னும் தீவு. வருஷம் முழுக்க அங்கே இருப்பவர்கள் இருபதாயிரம் பேர். கோடை வந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். பணக்காரர்களின் கோடை வீடுகள், படகுகள், கடற்கரை. செப்டம்பரில் எல்லோரும் கிளம்பிப் போய்விடுவார்கள்.

இந்தத் தீவை வைத்து 1989-இலேயே பிலிப் கிரெய்க் என்பவர் ஒரு தொடர் தொடங்கிவிட்டார். பாஸ்டன் போலீஸில் வேலை பார்த்துக் குண்டடி பட்டு விலகி வந்தவன் ஒருவன், தீவில் மீன் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுவான். கொலை தானாக அவனைத் தேடி வரும். 2007-இல் இறக்கும்வரை கிரெய்க் அதை எழுதிக்கொண்டிருந்தார். அதில் மீன் பிடிப்பதையும் அதைச் சமைப்பதையும் எழுதியிருக்கிற அழகுக்காகவே படிக்கலாம், கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்புகூட உண்டு. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது இன்னொரு தொடர். சிந்தியா ரிக்ஸ் எழுதியது. முதல் நாவல் 2001-இல் வந்தபோது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. துப்பறிகிறவளுக்கோ 92 வயது!

விக்டோரியா ட்ரம்புல் என்று பெயர். கவிதை எழுதுவாள், உள்ளூர்ப் பத்திரிகையில் ஊர்ச் செய்தி எழுதுவாள். போலீஸ் தலைவியாக வந்திருக்கும் பெண் வெளியூர்க்காரி. அவளுக்குத் தீவில் எது எங்கே, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒன்றும் தெரியாது. கிழவிக்கு எல்லாம் தெரியும். ஆகையால் அவளைத் துணை போலீஸாக வைத்துக்கொள்கிறாள். ‘துணை அதிகாரி’ என்று எழுதிய ஒரு தொப்பி கிடைக்கிறது பார், அந்தத் தொப்பியை அவள் போட்டுக்கொள்கிற பெருமையை நீ படிக்க வேண்டும். புத்தகம் மேல் புத்தகமாக வந்தும் அவளுக்கு வயது ஏறுவதே இல்லை, 92-தான். தலைப்புகள் எல்லாம் அந்தத் தீவில் முளைக்கும் செடி கொடிகளின் பெயர்கள். ஆசிரியை தன் அம்மாவைப் பார்த்துத்தான் அவளைப் படைத்தாராம். அந்த அம்மாவும் கவிஞர், 98 வயது வரை இருந்தவர். பரம்பரை பரம்பரையாக அந்தத் தீவிலேயே இருக்கிற குடும்பம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஆசிரியையின் சொந்தக் கதையை விட முடியாது, வடிவு. 1950-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடைக்கால வேலைக்குப் போயிருந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கூட வேலை பார்த்த ஆண்கள் சீண்டிக்கொண்டே இருக்க, ஒருவர் மட்டும் அன்பாக நடந்துகொண்டார். இரண்டு பேரும் கை துடைக்கிற காகிதத்தில் ரகசிய எழுத்தில் குறிப்புகள் எழுதிக் கொடுத்துக்கொள்வார்களாம். கோடை முடிந்தது, அவரவர் வழி, அவரவர் வாழ்க்கை. அறுபத்திரண்டு வருஷம் கழித்து 2012-இல் ஒரு தபால் வருகிறது. பிரித்தால் அந்தப் பழைய காகிதங்கள்! கூடவே புதிதாக ரகசிய எழுத்தில் ஒரு வரி. அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும். அதைத் தேடிப் போய், மறு வருஷம் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். ஆசிரியைக்கு 81, மாப்பிள்ளைக்குத் தொண்ணூறு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கதைகளுக்கு வருகிறேன். தீவில் கொலை என்றால் நாம் படித்து வளர்ந்தது வேறு மாதிரி. புயல் அடிக்கும், படகு நின்றுபோகும், உள்ளே இருப்பவர்களில் ஒருவன்தான் கொலைகாரன், விடிவதற்குள் இன்னொருவர் செத்துப்போவார். அகதா கிறிஸ்டி 1939-இலேயே அதை இதற்குமேல் முடியாது என்கிற அளவுக்கு எழுதிவிட்டார். ரிக்ஸ் அந்த வழிக்கே போகவில்லை. அவருடைய தீவில் கப்பல் ஒழுங்காக ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். வந்து போகிறவர்களுக்கும் இருந்தே தீர வேண்டியவர்களுக்கும் நடுவில் இருக்கிற உரசலில்தான் கதை பிறக்கிறது. அந்த உரசல் முக்கால்வாசி நிலம் பற்றியது.

இரண்டாவது நாவலை உதாரணமாகச் சொல்கிறேன். நிலப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று விக்டோரியாவிடம் அருகிவரும் செடிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுக்கிறது. விலைபோகப் போகிற ஒரு பெரிய இடத்தில் அப்படி ஒரு செடி இருந்துவிட்டால் அங்கே வீடு கட்ட முடியாது. அப்போது நிலத்தின் விலை என்ன ஆகும், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று யோசி. கையகல ஆர்கிட் செடி ஒன்று கோடிக்கணக்கான பணத்தின் குறுக்கே நிற்கிறது. காட்டுக்குள் தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல நடக்கிற கிழவியை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அவள் எதிரிலேயே பேசுகிறார்கள். பத்திரிகைக்காரி என்பதால் தாங்களே வலிய வந்தும் சொல்கிறார்கள். அவள் செய்வதெல்லாம் கேட்டதையும் பார்த்ததையும் பழைய சம்பந்தங்களோடு சேர்த்துப் பார்ப்பதுதான்.

போன தடவை மகன் வீட்டுக்குப் போனபோது அக்டோபர் மாசம் என்னை அந்தத் தீவுக்கும் கூட்டிப்போனான். கோடையில் காரோடு கப்பலில் ஏற மாசக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டுமாம், நாங்கள் போனபோது கப்பலில் பாதி காலி. ஓக் பிளஃப்ஸ் என்கிற ஊரில் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1835-இல் கூடாரம் அடித்து ஜெபக்கூட்டம் நடத்தத் தொடங்கிய மைதானம் இருக்கிறது. கூடாரங்கள் இருந்த இடத்தில் இப்போது வர்ணம் பூசிய குட்டிக் குட்டி மரவீடுகள். முக்கால்வாசி பூட்டிக் கிடந்தன. மேற்கு டிஸ்பரியில் 1858-இல் ஆரம்பித்த பலசரக்குக் கடை ஒன்று, கதைகளில் அடிக்கடி வருவது, திறந்திருந்தது. கடைக்கு முன்னால் நீளத் தாழ்வாரம், அதில் பெஞ்சு. கம்பளிச் சட்டை போட்ட இரண்டு கிழவர்கள் காபியை வைத்துக்கொண்டு, எங்கள் காரைப் பார்த்தார்கள், பிறகு என் சேலையைப் பார்த்தார்கள், ஒருவர் தலையை அசைத்து வணக்கம் சொன்னார். நாங்கள் அங்கிருந்து கிளம்புவதற்குள் யார், எங்கிருந்து, யார் வீட்டுக்கு என்று மகனிடம் கேட்டு முடித்துவிட்டார்கள். நம்மூர் டீக்கடை பெஞ்சு மாதிரிதான்.

அந்தத் தீவில் இன்னொரு விஷயமும் கேள்விப்பட்டேன். குளிர்காலத்தில் வாடகைக்கு இருக்கிற உள்ளூர்க் குடும்பங்கள் கோடையில் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வீட்டுக்காரர் அதை வார வாடகைக்கு விட்டால் பல மடங்கு பணம். டீச்சர், நர்ஸ், தச்சுவேலை செய்பவர் என்று பிள்ளைகுட்டியோடு மூட்டை கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் மாறுவார்கள். நமக்கு இது புதிதா என்ன? குற்றாலத்தில் சீசன் சமயத்தில் வீட்டின் முன்பகுதியைத் தின வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்துக்கொள்கிற குடும்பங்களை நீயும் நானும் பார்த்துத்தானே வளர்ந்தோம். உங்கள் பெரியம்மா வீட்டில் ஆடி முடியும்வரை நாம் கொல்லை வழியாகத்தானே போய்வருவோம்?

இதற்குத்தான் இத்தனை நீளம் எழுதினேன், வடிவு. நீ வார இதழ்களுக்குக் கதை எழுதிய காலத்திலேயே துப்பறியும் தொடர் ஒன்று எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இந்த ஊரை வைத்து எழுது. சாரல், அருவி, எண்ணெய்க் கடை, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் பின்னால் தன்னால் வரும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டதும் கூட்டம் மொத்தமும் லாட்ஜுக்குள் அடைபட்டுக் கிடக்கிற ஒரு நாள் போதும், கதை தொடங்க. துப்பறிகிறவள் மட்டும் இங்கேயே இருப்பவளாக இருக்க வேண்டும். நம் தெரு ஆச்சிகள் யாரையாவது நினைத்துக்கொள். இன்ஸ்பெக்டர்கள் மாற்றலாகி வருவார்கள், போவார்கள். ஆச்சிக்கு எந்தத் தோப்பு யாருக்குச் சீதனமாக வந்தது, யார் மகன் புனலூரில் யார் பெண்ணைக் கட்டினான், எந்த அண்ணன் தம்பி எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்று எல்லாம் தெரியும். புளியரை தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு, அங்கே லாட்டரிச் சீட்டு விற்கலாம், இங்கே 2003-இலிருந்து தடை. ஒரு பரிசுச் சீட்டு போதும் கொலைக்கு. மலைமேல் ஏறுகிற கொல்லம் ரயில் இருக்கிறது, 1904-இல் போட்ட பாதை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம்.

ஒரு துப்பு நானே யோசித்து வைத்திருக்கிறேன். குண்டாறுப் பக்கம் ரிசார்ட் கட்ட ஒருவன் தோப்பு வாங்குகிறான். அது தன் தாத்தா வாங்கிய சொத்து என்று இன்னொருவன் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டுகிறான். திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரைத் தாள், மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1135, மேட மாதம். தாள் பழுத்திருக்கிறது, மை மங்கியிருக்கிறது, போலீஸும் வக்கீலும் நம்பிவிட்டார்கள். ஆச்சி வாங்கிப் பார்க்கிறாள். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டு. மேடம் என்றால் 1960 சித்திரை. அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதியே மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தாயிற்று. அந்த மாசம்தான் அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள், மறப்பாளா? மூன்றரை வருஷம் கழித்து எந்தப் பதிவாளர் சங்கு முத்திரையில் பதிந்து கொடுத்தார் என்று கேட்கிறாள். என் அப்பாவின் பழைய பத்திரங்களைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தபோது தோன்றியது இது. எப்படி இருக்கிறது?

இத்தனூண்டு ஊரில் வருஷத்துக்கு ஒரு கொலை என்றால் யார் நம்புவார்கள் என்று நீ கேட்பாய். அந்தத் தீவைப் பற்றியும் அப்படித்தான் கேட்கிறார்கள். படிக்கிற நான் ஒரு தடவைகூட அதைப் பற்றி நினைக்கவில்லை. அந்தக் கிழவி வீட்டுச் சமையலறையில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கப்பலில் புதிதாக யார் இறங்கினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன். கொலை செய்தவன் யார் என்பது சில நாவல்களில் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. அது எனக்குக் குறையாகப் படவே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வெளியூர்க்காரர்களை எல்லாம் கெட்டவர்களாக எழுதிவிடாதே. ரிக்ஸ் அப்படிச் செய்யவில்லை. பேராசை பிடித்த உள்ளூர்க்காரன் அவர் கதைகளில் நிறைய.

என் அண்ணன் மகன் அடுத்த வாரம் பொதிகையில் தாம்பரம் வருகிறான். அவன் கையில் மூன்று புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன், ஆர்கிட் செடி வருவதை முதலில் படி. கூடவே ஊறுகாயும் கொஞ்சம் மிளகும் வைத்திருக்கிறேன். பத்திரப் பதிவு விஷயங்களில் சந்தேகம் இருந்தால் எழுது, இங்கே ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன். ஆச்சிக்கு உலகம்மாள் என்று பெயர் வைக்கலாமா, கோமதியம்மாளா? என் பெயர் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நீயே முடிவு செய்து, முதல் அத்தியாயத்தோடு எழுது.

அன்புடன்,
கோமதி