ஆளைக் கீறாத பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு 7 இல் நடந்துகொண்டிருக்கும் மாணவர் ஓவியக் கண்காட்சி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அங்கே போனேன். அந்த வகையில் எழுதியவருக்கு நன்றி. ஒரு படத்திலும் மனிதர் இல்லை, இணையத்தில் பார்த்த மேல்நாட்டு மோஸ்தரைப் பிள்ளைகள் இறக்குமதி செய்திருக்கிறார்கள், கூடி வாழும் எம்மவருக்குத் தனிமை அந்நியம் என்று அவர் எழுதியிருந்தார். முதலாவது சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதை எந்த வீட்டில் இருந்துகொண்டு எழுதினாரோ தெரியவில்லை.

நான் ஓவியம் படித்தவன் அல்லன். முப்பத்திரண்டு வருடம் புகையிரத நிலையங்களில் சீட்டு விற்றவன், கடைசிப் பதினொரு வருடம் கரையோரப் பாதையில். அதனால் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த முதல் படத்தைத் தாண்டவே எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. இரவு நேரத்து ஸ்டேஷன். மேடை வெறுமை, வாங்கு வெறுமை, கடல் பக்கம் முழுக் கறுப்பு. சீட்டுக் கொடுக்கும் யன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம், உள்ளே கதிரை சற்றுத் திரும்பியபடி. சில்லறை தள்ளித் தள்ளி அந்த யன்னல் பலகையில் ஒரு குழி விழுந்திருக்கும். அதைப் பிள்ளை விடாமல் கீறியிருக்கிறது. குழிக்குள் யாரும் எடுக்காத ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி. அந்தக் குழிக்கு மறுபக்கத்தில் இருந்துதான் நான் சனத்தைப் பார்த்தேன். கைகள் தெரியும், முகம் தெரியாது. மோதிரத்தை வைத்தும் நகத்தை வைத்தும் ஆளை மட்டுக்கட்டுவேன்.

படத்தை வரைந்த பிள்ளை பக்கத்தில்தான் நின்றது.

“ஏன் பிள்ளை, ஓர் ஆளையாவது கீறியிருக்கலாமே?”

“ஆளைக் கீறினா நீங்கள் ஆளைத்தான் பார்ப்பீங்கள், அங்கிள். அந்தக் காசைப் பார்த்திருக்க மாட்டீங்கள்.”

இதற்குமேல் நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும் சொன்னேன். கடைசி வண்டி போன பிறகு ஸ்டேஷன் எனக்கு ஒருநாளும் பயமாக இருந்ததில்லை. விடிந்தால் முதல் வண்டிக்குச் சனம் வரும் என்று தெரியும். பயந்தது வேறோர் ஸ்டேஷனில். 1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. மீண்டும் அங்கே வண்டி போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபர் 13 அன்று. இடையில், சமாதான காலத்தில், ஊருக்குப் போன கையோடு அந்த ஸ்டேஷனைப் பார்க்கப் போனேன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டிருந்தன. கூரை இல்லை. மேடையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். சீட்டு யன்னல் இருந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தேன், தொழில் பழக்கம். மறுபக்கமும் வானம்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை அப்போது பிறந்திருக்குமோ என்னவோ. ஆனால் அந்தப் படத்தின் முன் நின்றபோது எனக்கு வந்தது அதே குளிர். இதை எந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்தது?

வெறுமையான இடத்தைக் கீறுவது ஐரோப்பாவிலும் இன்றைக்குத் தொடங்கியதல்ல. கிரேக்கத்தில் பிறந்த இத்தாலியர் ஜோர்ஜியோ டி கிரிகோ 1910களிலேயே ஆளரவமற்ற சதுக்கங்களையும் நீள நிழல்களையும் வரைந்தவர். தூரத்தில் ஒரு புகைவண்டி போய்க்கொண்டிருக்கும். அவருடைய தகப்பன் புகையிரதப் பொறியியலாளர் என்று அந்தப் பிள்ளைதான் சொல்லித் தந்தது. எங்கள் திணைக்களத்து ஆள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

விமர்சகருக்கு நான் விட்டுக்கொடுக்கும் பாதி இதுதான். பின் அறையில் மஞ்சள் சுவர், ஈரக் கம்பளம், இரையும் டியூப் லைட் வைத்து ஒரு நிர்மாணம் இருக்கிறது. இளசுகள் அதற்குள் நின்று செல்பி எடுக்கிறார்கள். 2019 இல் இணையத்தில் பரவிய ஒரு புகைப்படத்தின் நேர் நகல் அது. திருத்த வேலை நடந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கடையில் எடுத்த படம் அது என்று 2024 இல் கண்டுபிடித்துவிட்டார்களாம். கம்பளம் விரித்த கந்தோரில் எங்களில் எத்தனை பேர் வேலை செய்தோம்? நான் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தேன்.

ஆனால் அதற்கு எதிர்ச் சுவரில் இருந்த பன்னிரண்டு புகைப்படங்களை அவர் பார்த்தாரா? பார்த்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் நடைகள். பன்னிரண்டிலும் பூட்டிய கதவுகள். கிறில் கம்பிக்குள் மடித்துச் செருகிய கரண்ட் பில். வாடிய மாவிலைத் தோரணம். ஒரு வாசலில் ஒற்றைச் சோடிச் செருப்பு, அதுவும் ஆம்பிளைச் செருப்பு. தனியே இருக்கும் பெண்கள் களவுக்குப் பயந்து அப்படி வைப்பார்கள் என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். படத்தின் கீழே விளக்கம் ஒன்றும் இல்லை, தேவையும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒருவர், “இது எங்கட மாடியெல்லோ” என்று மகளிடம் சொன்னார். போனைப் படத்துக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார். மகள் கைபேசிக்குள் இருந்தாள், அங்கே அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் மாடியில் பதினாறு வீடு. ஒன்பதில் இருப்பது ஒருவர் அல்லது இருவர், எல்லோரும் என் வயதுக்காரர். மிச்சத்தில் நாலு, ஓகஸ்டில் மட்டும் திறக்கும். கூடி வாழ்கிறோம் என்பது உண்மைதான், வட்ஸ்அப் குழுவில்.

தனிமை மேல்நாட்டு நோய் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கையில் உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று சொல்கிறது. வருமானம் குறைந்த நாடுகளில் அது ஏறக்குறைய 24 வீதம், வருமானம் கூடிய நாடுகளில் 11 வீதம். கிழவர்களை விட இளையவர்களுக்கே கூட என்றும் சொல்கிறது. எனக்கு அது புதினமாக இல்லை. இந்தப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள். 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். அன்றிரவு பல்கணியில் நின்று பார்த்தேன். காலி வீதியில் சமிக்ஞை விளக்கு மட்டும் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது, நிற்பதற்கு ஒரு வாகனம் இல்லை. அந்த விளக்கும் கண்காட்சியில் இருக்கிறது, சிறிய நீர்வர்ணப் படமாக, கழிவறைக்குப் போகும் வழியில். அதை அங்கே மாட்டியவர் மேல் எனக்குக் கோபம்.

இன்னும் இரண்டு குறை. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் எப்போது பார்ப்பது? மற்றது தமிழ். மூன்று மொழியிலும் விளக்கம் வைத்ததற்குப் பாராட்டு. ஆனால் வாசல் பலகையில் ‘தனிமை’ என்பதைத் ‘தணிமை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வகையில் நல்ல சொல்தான், தணிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். முகம் சிவந்து, கைப்பைக்குள் பேனை தேடி எடுத்து, ணகரத்தின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் ‘னி’ என்று எழுதிவிட்டது. மை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது.

உங்கள் விமர்சகர் இன்னொருமுறை போவாரென்றால் எனக்கு அறிவியுங்கள். கூட வரத் தயார். பகலில் எனக்கு வேறு அலுவல் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.