கம்பி விழுந்தும் ஃபீடர் ஏன் ட்ரிப் ஆகல?

டேய் மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பதினோரு கேவி கம்பி அறுந்து காய்ஞ்ச மணல்ல கிடந்துருக்கு, ஃபீடர் (சப்ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குப் போற லைன்) ட்ரிப் ஆகாம அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துருக்கு, ஒரு மாட்டோட போனது நல்லவேளை (மாட்டுக்காரருக்கு இல்லதான், பாவம்). ரிலேவ, அதான் ஃபால்ட் வந்தா லைன கட் பண்ணச் சொல்ற கருவிய, டெஸ்ட் பண்ணா எல்லாம் கரெக்டா இருக்குதேன்னு கேட்டிருந்தல்ல, அது கரெக்டாதான்டா இருக்கும். 200 ஆம்ப்ஸ் சிடில (லைன் கரண்ட அளந்து ரிலேக்குக் குடுக்குற டிரான்ஸ்ஃபார்மர்) எர்த் ஃபால்ட், அதாவது தரைக்குக் கசியுற கரண்ட், செட்டிங் 20 பர்சென்ட்னு வச்சா 40 ஆம்ப்ஸ் ஓடினாதான் அது முழிக்கும். அமெரிக்காக்காரன் 12.5 கேவி லைன தரையில போட்டுப் பாத்து ஒரு டேபிள் வச்சிருக்கான், ஈரப்புல்லுல 50 ஆம்ப்ஸ் வருது, ஈரமணல்ல 15தான், காய்ஞ்ச மணல்லயும் தார் ரோட்லயும் ஜீரோ. கரண்டே போகலன்னா ரிலே எதப் பாத்து ட்ரிப் பண்ணும்? செட்டிங்க ரொம்பக் குறைச்சா லோடு அன்பேலன்ஸுக்கெல்லாம் ஃபீடர் போகும், அப்புறம் ஊர் மொத்தமும் உனக்குத்தான் போன் போடும்.

இங்க ஆஸ்திரேலியா விக்டோரியால இது பெரிய கதை. 2009 பிப்ரவரி 7, பிளாக் சாட்டர்டேன்னு சொல்லுவாங்க, காட்டுத்தீயில 173 பேர் செத்தாங்க, அதுல கில்மோர் ஈஸ்ட்ங்குற ஊர்ல ஆரம்பிச்ச தீயில மட்டும் 119 பேர். அந்தத் தீ பழைய ஒத்தக்கம்பி லைன் ஒண்ணு அறுந்து பொறி பறந்ததுல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம்தான் 22 கேவி மூணு ஃபேஸ் லைனுக்கு, குறிப்பிட்ட சில சப்ஸ்டேஷன்ல, நியூட்ரல்ல (மூணு ஃபேஸும் சேருற புள்ளி) பீட்டர்சன் காயிலும் (எர்த் ஃபால்ட் கரண்ட அடக்குற சுருள்) மிச்சக் கரண்ட அடக்க ஒரு இன்வெர்ட்டரும் வைக்கச் சொல்லி சட்டம் போட்டாங்க. அரை ஆம்பியர் ஃபால்ட்டா இருந்தாலும் ரெண்டு செகண்டுக்குள்ள அந்த ஃபேஸோட வோல்டேஜ 250 வோல்ட்டுக்குக் கீழ இறக்கிடணும். அரை ஆம்பியர்டா! ஆனா அந்த நேரத்துல மத்த ரெண்டு ஃபேஸும் எர்த்துக்கு 12.7 கேவில இருந்து முழு 22க்கு ஏறிடும், எங்கயோ வீக்கா இருக்குற கேபிளோ சர்ஜ் அரெஸ்டரோ (இடி மின்னல் வோல்டேஜ எர்த்துக்கு இறக்குற கருவி) அப்பப் போய்ச் சேரும். அதனால லைன் பூரா சர்ஜ் அரெஸ்டர மாத்த வேண்டி வந்துச்சு, செலவு எக்கச்சக்கம். தூறல் போட்டாலே லைன ட்ரிப் பண்ணி வெயில் வந்தா தாங்கிக்கிற, மயிரிழை விரிசல் விட்ட பின் இன்சுலேட்டரெல்லாம் (கம்பியத் தாங்குற பீங்கான்) உன் லைன்ல எத்தனை இருக்குதோ, அத வச்சுக்கிட்டு இத மாட்டினா தாங்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

காசில்லாம உன்னால பண்ண முடிஞ்சது ஒண்ணு இருக்கு. எச்டில, அதாவது பதினோரு கேவி பக்கம், ஒரு ஃபேஸ் அறுந்தா உங்க டெல்டா ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மருக்குக் (மேல சுருள் முக்கோணமா, கீழ நட்சத்திரமா கட்டினது) கீழ ஒரு ஃபேஸ் நல்லா இருக்கும், மத்த ரெண்டும் பாதி வோல்டேஜ்ல அழுதுட்டு இருக்கும். சனங்க போன் பண்ணி "பாதி வீட்ல டல்லா எரியுது சார், ஃபேனே சுத்தல"ன்னு சொல்லுவாங்கல்ல, அதுவும் ஒரே ஃபீடர்ல நாலஞ்சு டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து ஒண்ணா வந்தா ஃபியூஸ் போயிருக்கும்னு ஆள் அனுப்பிப் பாக்கவே கூடாது, மொதல்ல பிரேக்கர ஓப்பன் பண்ணிடணும், அப்புறம் ஏபி சுவிட்ச் (போஸ்ட்ல லைன துண்டு துண்டா பிரிக்குற சுவிட்ச்) ஏபி சுவிட்சா பிரிச்சு லைன நடந்து பாத்துட்டுத்தான் திரும்பக் கரண்ட் விடணும். ஸ்மார்ட் மீட்டர் வச்ச ஊர்ல இதே வோல்டேஜ கம்ப்யூட்டர் பாக்குது, உங்க ஊர்ல போன் எடுக்குறவர் பாக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, உன் வயர்மேன் பசங்ககிட்ட அழுத்திச் சொல்லு. சப்ஸ்டேஷன் பக்கத்துத் துண்டு போஸ்ட்லயே தொங்கி லோடு பக்கத்துத் துண்டு தரையில கிடந்தா அது செத்த கம்பின்னு நினைச்சுத் தொட்டுருவாங்க. மத்த ரெண்டு ஃபேஸ்ல இருந்து டிரான்ஸ்ஃபார்மர் டெல்டா வழியா கரண்ட் திரும்பி வந்து (பேக்ஃபீட்) அது உயிரோடதான் இருக்கும், மூணு ஃபேஸும் ஓப்பன் ஆகி எர்த் ராடு (கம்பிய தரையோட இணைக்குற கோல்) போடுற வரைக்கும் கிட்டயே போகக்கூடாது.

அன்னிக்கு கம்பி விழுந்தப்ப டல்லா எரியுதுன்னு கம்ப்ளெயின்ட் எதாவது வந்துச்சான்னு ரிஜிஸ்டர பொரட்டிப் பாத்து டைமோட அனுப்பு. பொண்ணு அட்மிஷன் என்னாச்சு, தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் பழைய ரூம்மேட்