‘எங்கள் பொது நிபந்தனைகளின்படி’ என்று ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தொட்டித் தண்ணீரில் ஊறவைக்கும் அதே பழைய வேலைதான். அப்பா செய்தார், இப்போது நான் செய்கிறேன். சட்ட விஷயம் எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றரை வருஷம் அலைந்திருக்கிறேன், அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன். கோர்ட்டில் வழக்குகள் தேங்கிக் கிடப்பது பற்றியும், கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் ஆர்பிட்ரேஷன்தான் அதற்கு மருந்து என்றும் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுகிறார்கள். மருந்துதான், இல்லை என்று சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் யாரும் எங்களைப் போன்றவர்களுக்குப் படித்துச் சொல்வதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் வடக்கே ஓட்டல் கட்டும் ஒரு நிறுவனம் எங்களிடம் கல் கேட்டது. பதினோரு லட்சத்துக்குச் சற்று மேல். வாட்ஸ்அப்பில் வொர்க் ஆர்டர் வந்தது, இரண்டே பக்கம், அளவு, டிசைன், விலை, லாரி வாடகை யார் தலையில் என்பது வரை தெளிவாக இருந்தது, நானும் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். கடைசியில் பொடி எழுத்தில், மற்ற எல்லாம் எங்கள் பொது நிபந்தனைகளின்படி, அவை எங்கள் வலைத்தளத்தில் உள்ளன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியை யார் பார்க்கிறார்கள்? பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் பட்டியலில் கரண்டி எத்தனை, தூக்குவாளி எத்தனை என்று எண்ணி எழுதி வைக்கும் ஊர்ப் பக்கம் இது. நான் நகரத்தார் இல்லை, அவர்கள் வீட்டு முகப்புக்கும் பட்டாலைக்கும் கல் பதித்தவர்களின் பிள்ளை. ஆனாலும் அந்தப் பட்டியல்களைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்டவனே அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

கல் போய்ச் சேர்ந்து, தளமும் போட்டு முடித்த பிறகு, நிறம் ஒரே மாதிரி இல்லை என்று 3,80,000 ரூபாயை நிறுத்திவிட்டார்கள். கையால் ஊற்றுகிற கல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், அதற்காகத்தானே ஆத்தங்குடியைத் தேடி வருகிறார்கள். சரி, அது வேறு சண்டை. தேவகோட்டைக் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிடலாம் என்று கணக்குப் பண்ணி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் அந்தப் ‘பொது நிபந்தனை’களை முதல்முறையாக இறக்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். தகராறு எதுவானாலும் ஆர்பிட்ரேஷன், ஒரே நடுவர், அவரை நியமிப்பவர் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், இடம் குருகிராம், நடைமுறை ‘அவ்வப்போது திருத்தப்படும் விதிகளின்படி’. எந்த விதி, யார் திருத்துவது, ஒன்றும் இல்லை.

நான் கையெழுத்துப் போட்டது இரண்டு பக்கத்தில், இந்த முப்பத்தெட்டுப் பக்கம் என்னைக் கட்டுமா என்று வக்கீலிடம் சண்டை போட்டேன். அவர் 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 7(5) பிரிவைக் காட்டினார். ஒரு ஒப்பந்தம் வேறொரு ஆவணத்தைச் சுட்டி, அந்த ஆவணத்தில் நடுவர் ஷரத்து இருந்தால், அந்த ஷரத்தை ஒப்பந்தத்தின் பகுதியாக்கும் விதத்தில் சுட்டியிருந்தால், அது எழுத்தில் இருந்தால், கட்டும். ‘விதத்தில்’ என்பதில்தான் சூட்சுமம். 2009-இல் உச்ச நீதிமன்றம், கான்ட்ராக்டர் ஒருவருக்கும் சப் கான்ட்ராக்டர் ஒருவருக்கும் நடந்த வழக்கில், மூல ஒப்பந்தத்தின்படி வேலை நடக்கும் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதிலுள்ள நடுவர் ஷரத்து தானாக ஒட்டிக்கொண்டு வராது, அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றது. இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே போனது. தொழில் சங்கங்களின் அச்சடித்த நிபந்தனைகளுக்கு அப்போதே விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2018-இல் அந்த விலக்கை நீட்டி, ஒரு தரப்பு வழக்கமாக வைத்திருக்கும் நிபந்தனைகள் என்றால் பொதுவாகச் சுட்டினாலே போதும் என்று சொல்லிவிட்டார்கள். என் ஆர்டர் அந்த ரகம்.

அப்புறம் அதே சட்டத்தில் 2(8) என்று ஒரு பிரிவு. ஒப்பந்தத்தில் ஏதாவது நடுவர் விதிகளைச் சுட்டியிருந்தால் அந்த விதிகளும் ஒப்பந்தத்தின் பகுதிதான். அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரை ஒரு வரியில் எழுதினால் அதன் விதிப் புத்தகம் முழுக்க உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், நோட்டீஸ் எப்படிக் கொடுப்பது, எத்தனை நாளில் பதில், கட்டணம் எவ்வளவு, நடுவரை யார் போடுவது, எல்லாம். பழைய மரச் சாமான் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவரின் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் நடுவர் மையத்தின் விதிகள் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது இருந்த விதிகள் வேறு, 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிய பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், நடுவர் நடவடிக்கை தொடங்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொதுவாகப் பொருந்தும். அவருக்கு இதைச் சொன்னபோது, அதெல்லாம் சும்மா எழுதுகிறதுதானே தம்பி என்று சிரித்தார். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கம், சுட்டுவதே தப்பாகச் சுட்டுகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதிக்குக் குத்தகைக்கு விடும் பத்திரம் ஒன்றைச் சாட்சிக் கையெழுத்துக்காகப் போனபோது பார்த்தேன். தகராறு வந்தால் 1940-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, இரண்டு நடுவர்கள், என்று டைப் அடித்திருந்தது. அந்தச் சட்டத்தை 1996-லேயே நீக்கியாகிவிட்டது. புதிய சட்டத்தின் 10-ஆவது பிரிவு நடுவர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்கிறது. யாரோ அறுபதுகளில் எழுதிய பத்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட வேடிக்கை, தமிழில் எழுதும் ஒப்பந்தங்களில் வரும் ‘லாம்’. தகராறு வந்தால் நடுவரிடம் போகலாம் என்று எழுதுகிறோம். இரு தரப்பும் பின்னால் விரும்பினால் போகலாம் என்ற பொருளில் எழுதியிருந்தால் அது நடுவர் ஒப்பந்தமே ஆகாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுப்பலாம் என்பதற்கும் அனுப்ப வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒரு வழக்கே தொங்குகிறது.

இடம் என்ற சமாச்சாரத்தில்தான் எனக்குப் பெரிய அடி. குருகிராம் என்பது உட்கார்ந்து பேசுகிற ஊர் மட்டும்தானே, நம் ஊர்க் கோர்ட் நம் கையில் இருக்குமே என்று நினைத்தேன். அப்படி இல்லை. நடுவர் நடவடிக்கைக்கு என்று குறித்த ஊர், வேறு எந்தக் குறிப்பும் எதிராக இல்லாவிட்டால், அதன் சட்டபூர்வமான இருப்பிடமாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று 2019-இல் தீர்ப்பு இருக்கிறது. நடுவர் தந்த தீர்ப்பை எதிர்க்க வேண்டுமென்றாலும் அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள், அவ்வளவுதான். காரைக்குடியில் பல்லவன் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து டெல்லி ரயில், இறங்கி இன்னொரு வண்டி. ஒவ்வொரு வாய்தாவுக்கும். சட்டத்தின் நாலாவது அட்டவணையில் மாதிரிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள், 5 லட்சம் வரை கோரிக்கை என்றால் 45,000 ரூபாய், ஒரே நடுவர் என்றால் அதற்கு மேல் கால் பங்கு, ஆக 56,250. வக்கீல் பீஸ், தங்கும் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நிர்வாக இயக்குநர் நடுவரைப் போடுவது மட்டும் செல்லாது என்று வக்கீல் உறுதியாகச் சொன்னார். 2015 திருத்தத்தில் 12(5) பிரிவு வந்த பிறகு தகராறில் அக்கறை உள்ளவர் நடுவராக இருக்க முடியாது, 2019-இல் அப்படிப்பட்டவர் ஒரே நடுவரை நியமிக்கவும் முடியாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே ஒரே நடுவரைத் தன்னிச்சையாக நியமிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தடை விலகிவிடும். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, மிக மரியாதையாக, ‘இந்த நடுவருக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்டு அனுப்பவும், விரைவில் முடித்துக்கொள்ளலாம்’ என்று. கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்தது கதை. முதல் தடவை படிக்காமல் போட்டவன், இரண்டாம் தடவை நாலு பேரிடம் காட்டினேன்.

உண்மையில் எனக்கு ஒரு நல்ல வழி இருந்திருக்கும், அதைச் சொன்னால் வயிற்றெரிச்சல். 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், பணம் வராத சிறு உற்பத்தியாளர், இந்த மாதிரி பாக்கித் தகராறுகளுக்கென்றே அந்தச் சட்டப்படி அமைத்திருக்கும் வசதி மன்றத்துக்குப் போகலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் விற்றவர் இருக்கும் எல்லையிலுள்ள மன்றமே விசாரிக்கும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலே நிற்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த முடிவை எதிர்த்துப் போகிறவர் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அதே தீர்ப்பில், ஒப்பந்தம் போட்ட நாளில் சிறுதொழில் என்று அரசிடம் பதிவு இல்லாதவர் பின்னால் பதிந்துகொண்டு பழைய சரக்குக்கு இதைக் கேட்க முடியாது என்றும் இருக்கிறது. உத்யம் என்கிற அந்தப் பதிவு இலவசம், போனிலேயே முடித்துவிடலாம். நான் செய்யவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் அவர்கள் ஊர் மேனேஜர் ஒருவர் காரைக்குடி வந்தபோது பேசி 2,50,000-க்கு முடித்துக்கொண்டேன். தோல்வி என்று சொல்ல மாட்டேன், லாபம் என்றும் சொல்ல முடியாது.

நம் ஊர்களில் பஞ்சாயத்து புதிதில்லை. பங்காளிச் சண்டை, சுவர்ச் சண்டை எல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்ததுதான், அவர்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம் என்று முதலிலேயே முச்சலிக்கை எழுதி வாங்கிய காலமும் உண்டு. யார் உட்காருவது, எங்கே, எதைப் பற்றி என்று இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்தபிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். எனக்கு வந்த பொடி எழுத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆர்பிட்ரேஷன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த விதிகள், எந்தப் பதிப்பு, நடுவரை யார் போடுவது, எந்த ஊர், எந்த மொழி என்பதைக் கையெழுத்துப் போடும் தாளிலேயே நாலு வரியில் எழுதுங்கள் என்கிறேன். சென்னையிலேயே உயர் நீதிமன்றத்தின் நடுவர் மையம் இருக்கிறது, அதன் பெயரை எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கே கல், கண்டாங்கி, கொட்டான், பலகாரம் என்று வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். நம் வணிகர் சங்கங்கள் ஒரு வக்கீலை உட்காரவைத்துத் தமிழில் அரைப்பக்க மாதிரி ஷரத்து ஒன்று எழுதி வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாம், நீங்களும் அதைப் பத்திரிகையில் போடலாம்.

போன வாரம் கொச்சியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கடைசி வரியில் அதே பொடி எழுத்து, அதே பொது நிபந்தனைகள். பேனாவால் அடித்துவிட்டு, சென்னை, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவர், ஒப்புக்கொள்ளாவிட்டால் உயர் நீதிமன்ற மையம் நியமிப்பவர், என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அச்சை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், சிமெண்ட் இன்னும் கலக்கவில்லை.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரன்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம், இன்னும் வடக்கே கல் விற்க வேண்டியிருக்கிறது.)