நந்தவனப் பூப்பாத்தியில் காய்கறி: திருப்பணி நிறைவு அறிக்கை

கோயில் அங்கத்தினர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நந்தவனப் பூப்பாத்தியில் பூச்செடியோடு அன்னதானத்துக்கான காய்கறியும் நடும் திருப்பணி நிறைவேறியது. மதிப்பீடு 1,85,000 ரூபாய். செலவு 2,05,900. கூடுதலான 20,900 ரூபாயும் மண்ணுக்கே போனது. ஊர்க்கூட்டத்தில் கேள்வி எழுந்ததும் அதைப் பற்றித்தான் என்பதால், அதையே முதலில் சொல்கிறோம்.

பாத்தி 200 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். ஆக 10 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண்கலவை: செம்மண் 6, மக்கிய கட்டுத்தரை எரு 3, மக்கவைத்த தென்னை நார்க்கழிவு 1. மேட்டாங்காட்டில் மேல்மண்ணை ஓரடி ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் யூனிட் 4,500 ரூபாய்க்குப் பேசியிருந்தோம். வந்தது வாய்க்கால் கரை மண். நிறம் ஒன்றாக இருந்ததால் டிப்பர் கொட்டும்போது நாங்கள் கிளறிப் பார்க்கவில்லை. அந்தத் தவறு கமிட்டியுடையது. எருவைக் கலந்து தண்ணீர் விட்ட ஒன்பதாம் நாள் பாத்தி முழுக்க ஊசி ஊசியாகக் கோரைக் களை முளைத்தது.

மருந்தடித்தால் தீராதா என்று பலர் கேட்டீர்கள். மருந்து மேல்பச்சையைக் கருக்கும். கொடிவேரில் கோத்தாற்போல் கிடக்கும் உறங்கு கிழங்குகள் பிறகு முளைக்கும். நடவுக்குப் பின் மறுபடி அடித்தால் சாரல் பட்டுத் தக்காளி சுருண்டுவிடும். பவர் டில்லர் ஓட்டச் சொன்னவர்களுக்கும் பதில் உண்டு: கொடி அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும், ஒன்று பத்தாகும். வெறும் காய்கறிப் பாத்தியானால் பட்டத்துக்குப் பட்டம் கொத்தி எடுக்கலாம். இங்கே பின்வரிசையில் செம்பருத்தி, நந்தியாவட்டை வேர் பிடித்துவிட்டால் அடியில் மம்முட்டி போட முடியாது. அதனால் நடுமுன்பே சலித்தாக வேண்டும் என்று முடிவெடுத்தோம். இன்றும் அந்த முடிவில் எங்களுக்கு மாற்றம் இல்லை.

மண்ணை நன்றாகக் காயவிட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வலைச்சல்லடையைச் சாய்த்து நிறுத்திச் சலித்தோம். ஈரமண் உருண்டு கிழங்கை மறைத்துக்கொள்ளும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாமல், சித்திரை வெயிலில் பாறையில் காயவைத்து எரித்தோம். கிழங்கு மொய்த்த 2 யூனிட்டை அப்படியே தள்ளிவிட்டோம். சலிக்க 38 ஆள், ஆளுக்கு 600 வீதம் 22,800. புதுமண் 2 யூனிட் 9,000. சல்லடை, தார்ப்பாய் 2,600. ஆக 34,400. இதில் ஒப்பந்தக்காரரின் 27,000 ரூபாய் பில்லில் பாதியை, 13,500-ஐ, நிறுத்திவைத்தது போக நிற்பதே அந்த 20,900.

நடைபாதை, மதில் வெள்ளை, தொட்டி: முடிந்தன.

அரளியை வெளிமதில் ஓரம் மாற்றியதில் சிலருக்கு வருத்தம். அரளிக்கு வேர் முதல் பூ வரை நஞ்சு. கீரைக்கட்டில் ஓர் இலை கலந்தாலும் அது அன்னதான அடுப்புக்குப் போகும். போத்து வெட்டி 20 செடி வெளியே நட்டிருக்கிறோம், பூசைக்குப் பூ குறையாது. அதேபோல் செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சி இதிலிருந்து அதற்குத் தாவும். ஆகவே வெண்டை மறுகோடியில்.

நடுவரிசையில் கத்திரி, மிளகாய், தக்காளி இரண்டடிக்கு ஒன்று. இடையிடையே செண்டுமல்லி. தக்காளி பூக்கும்போது இதுவும் பூத்திருந்தால்தான் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி இதில் முட்டையிடும். அதற்காகத் தக்காளி விதைக்கு இருபது நாள் முன்பே இதை நாற்றுவிட்டோம். புழு விழுந்த மொட்டைக் கிள்ளி அழிக்காவிட்டால் நாமே புழுவை வளர்த்ததாகிவிடும். பாதையோர விளிம்புக்கு அரைக்கீரை: அறுக்க அறுக்கத் துளிர்க்கும், வரிசை பொக்கையாகாது. வேரோடு பிடுங்கும் சிவப்புத் தண்டுக்கீரைக்கு உள்ளே இடம், பிடுங்கிய குழியைப் பக்கத்துச் செடி மறைத்துவிடும்.

சொட்டுநீர் 16 மி.மீ. குழாய், மணிக்கு 4 லிட்டர் சொட்டி. புதர்ச்செடிக்கும் காய்கறிக்கும் தனித்தனி வால்வு, இரண்டின் தாகமும் வேறு. நம் போர்த்தண்ணி உப்பு என்பதால் வாரமொருமுறை ஃபில்டரைக் கழுவி, குழாய்க் கடைசி மூடியைத் திறந்துவிட வேண்டும். பக்கத்தில் காய்கறி இருப்பதால் ரோஜா வேரில் குருணை மருந்து இனி யாரும் போடக்கூடாது. 10 லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம், பூவுக்கும் காய்க்கும் அதுவே.

எரு முழுவதும் பள்ளத்தோட்டத்தார் கொடுத்தது, வண்டி வாடகைகூட வாங்கவில்லை. நார்க்கழிவு தென்னந்தோப்புக்காரர்கள். சொட்டுநீர்க் குழாய் கல்லாங்காட்டுத் தோட்டத்தார், மோட்டார் மேற்குத் தோட்டத்தார், வால்வுகள் புதுக்கிணற்றுத் தோட்டத்தார், நாற்றுகள் கிழக்கு வளவு மகளிர் குழு, பந்தல் கம்பி தறிக்காரர்கள், சலித்த நாட்களுக்கு மோர் வடக்கு வீதி வீட்டார், மதியச் சோறு மடப்பள்ளியார். மீதி தலைக்கட்டு வரி. ரசீதுப் புத்தகம் மண்டபத்தில் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

நிறுத்திய 13,500-ஐ ஒப்பந்தக்காரர் கேட்டு வருகிறார். தரக்கூடாது என்பது கமிட்டியின் கருத்து, முடிவு உங்களுடையது. சல்லடைக்குத் தப்பிய கோரை அங்கங்கே தலைகாட்டுகிறது. முளைத்த இரண்டு வாரத்துக்குள் கிழங்கோடு எடுத்தால் புதுக்கிழங்கு கட்டாது. தை வரை வாரம் ஒருநாள் இரண்டு பேர் வேண்டும். வரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் பேர் கொடுத்துவிடுங்க.

நந்தவனத் திருப்பணிக் கமிட்டி