சம்புக்காட்டை விட்டுவைத்தவர்களுக்கு நன்றி

மாதவரம் ஏரிக்கரைத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மழைக்கு முன்னால் ஏரியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. ஆனால் வடக்குக் கரையில் தண்ணீருக்குள் உயரமாக வளரும் நாணல் போன்ற சம்பையும் சேர்த்தே வழிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சம்புக்குள்தான் கீற்றுத் தூக்கணாங்குருவிகள் குஞ்சுகளோடு இருந்தன.

பனையிலும் ஈச்சையிலும் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி வேறு. இதன் மார்பில் கருங்கீற்றுகள் ஓடும். தண்ணீரில் நிற்கும் சம்பும் கோரையும்தான் பெரும்பாலும் இதற்கு வீட்டுமனை. ஆண் குருவி பாதிக் கூட்டை முடைந்து, உள்ளே ஈரச் சேற்றை அப்பி வைக்கும். சில சமயம் அதில் பூவிதழ்கூட ஒட்டும். பெட்டை வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதிக் கூடு. உலக அளவில் இது அழியும் பட்டியலில் இல்லைதான். அதற்காக ஏரிக்கு ஏரி சம்பை வழித்துக்கொண்டே போனால் நம் பக்கத்துக் குருவி எங்கே போகும்?

முதல் நன்றி பொக்லைன் ஓட்டிய தம்பிக்கு. விஷயத்தைச் சொன்னதும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கரையோரம் நின்று காது கொடுத்துக் கேட்டார். "குஞ்சு கத்துதுண்ணா. இந்தப் பக்கம் நான் கை வைக்கல, மேஸ்திரிகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் சொன்ன வார்த்தை அது.

கவுன்சிலர் கையோடு பொறியாளர் அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா சம்பைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லி, ஆகாயத்தாமரையை மட்டும் எடுக்க உத்தரவு போட்டார். சரி, சம்போரத் தாமரையை யார் எடுப்பது? இயந்திரம் போனால் கூடெல்லாம் ஆடிவிடும். வலை வீசும் அண்ணன்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே பிடுங்கி படகில் ஏற்றினார்கள். தொழிலை விட்டுவிட்டு வந்தவர்கள், டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களைப் பார்த்துத் தவித்துப்போன ஊர்க்காரர்கள் நாம். இந்த முறை கெடுவதற்கு முன்பே கை கொடுத்தீர்கள். கொசுக்கடியோடு பொறுத்துக்கொண்ட வடக்குக் கரை வீட்டாருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சம்பைத் தொடவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. மதகை அடைக்கிற சம்பை எடுக்கட்டும், குஞ்சுகள் பறந்த பிறகு எடுக்கட்டும். அடுத்த வருடம் அப்படியே செய்யலாம் என்று கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். அதற்கும் சேர்த்தே நன்றி.

அன்புடன்,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்