குளிர்ப் பிரதேசம் செல்லும் வண்டிகளும் பிளாக் ஹீட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் டீசல் வண்டிகள் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருபவன் என்ற முறையில், நம் வட்டாரத்திலிருந்து குளிர்காலத்தில் காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களுக்கு வண்டி எடுத்துச் செல்வோர் கவனிக்க வேண்டிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். பண்ருட்டி முந்திரிப் பருப்பு ஏற்றி டெல்லி போய், அங்கிருந்து வேறு லோடு கிடைத்து மலைப்பாதையில் ஏறும் லாரிக்காரர்களும், சொந்தக் காரிலேயே பனி பார்த்து வரப் புறப்படும் கடலூர், புதுச்சேரி இளைஞர்களும் என்ஜினுக்கு பிளாக் ஹீட்டர், அதாவது கிளப்புவதற்கு முன் என்ஜினை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி, மாட்டித் தரும்படி கேட்டு வருகிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் அதை மாட்டும் முறை தெரியாமல், கிடைத்த ஹீட்டரைக் கிடைத்த இடத்தில் திணித்து அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்து வருவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

டீசல் என்ஜினில் பற்றவைக்கும் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16, 17 மடங்கு அழுத்தும்போது எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. மார்கழியிலும் கடுங்குளிர் இல்லாத கடலூரில் நாம் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. லடாக்கின் திராஸ் போன்ற இடத்தில் இரவு மைனஸ் 20 டிகிரியில் நின்ற லாரியைக் காலையில் கிளப்பும்போது, அழுத்தத்தில் பிறக்கும் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்பு அப்படியே உறிஞ்சிவிடுகிறது. ஆயில் கெட்டிப்பட்டு என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற விடுவதில்லை. பேட்டரியோ தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்து நிற்கிறது. நாம் சாதாரணமாக ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் மைனஸ் 20 டிகிரி வரை ஸ்டார்ட் செய்வதற்கென்று சோதிக்கப்பட்டது. 20டபிள்யூ ரகமானால் மைனஸ் 15 டிகிரியே எல்லை.

இந்த நிலையில் ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்து வருவது, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் விறகோ, டீசலில் நனைத்த சாக்கோ வைத்து நெருப்பு மூட்டுவது. அப்படி ஒரு பயணம் முடித்து என் பட்டறைக்கு வந்த லாரியின் அடியில் படுத்துப் பார்த்தேன். சம்பின் பெயிண்ட் கருகி உரிந்திருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயரின் மேலுறை உருகிச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் நைலான் குழாய் ஒன்று இளகிப்போய் ஓரிடத்தில் புடைத்திருந்தது. அந்த வண்டி மலைப்பாதையில் அத்தனை வளைவுகளையும் அந்தக் குழாயை நம்பித்தான் இறங்கி வந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து, வடக்கே போகிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு ஓட்டுநர் தம்பியிடமும் நெருப்பு மட்டும் மூட்டாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெருப்புக்கு மாற்றாக வந்ததுதான் பிளாக் ஹீட்டர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், சிலிண்டர் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் மின்சூடேற்றியை உருவாக்கி 1949-இல் காப்புரிமை பெற்றார். இன்று பரவலாக இருப்பது, என்ஜினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டில், வெல்ச் பிளக் என்ற தகடு மூடியால் அடைத்திருக்கும் துளையில் பொருத்தி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டுக்குள் மூழ்கி நின்று அதைச் சூடாக்கும் வகை. கனடாவின் வின்னிபெக், சாஸ்கடூன் போன்ற நகரங்களில் கார் நிறுத்துமிடங்களிலேயே இதற்கென மின்சாரப் பிளக் உண்டு; வண்டியின் முன்கிரில்லிலிருந்து ஒயர் தொங்குவது அங்கு அன்றாடக் காட்சி.

இங்கேதான் பெரிய ஆபத்து வருகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஹீட்டர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கை நெருங்கும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். 400 வாட் ஹீட்டர் நம் பிளக்கில் 1,450 வாட்டுக்கு மேல் இழுக்கும். தானும் கருகும், ஒயரையும் உருக்கும். மேலே ஒட்டிய எழுத்து அழிந்திருந்தால் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 400 வாட் ஹீட்டரில் 36 ஓம் காட்டினால் அது 120 வோல்ட்டுக்கானது, 132 ஓம் காட்டினால் நம்முடைய 230 வோல்ட்டுக்கானது. ஒரு நிமிட வேலை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் 230 வோல்ட்டே புழக்கத்தில் இருப்பதால், வரவழைப்பதானால் அந்தச் சந்தைக்கான பொருளை, அதிலும் தன் என்ஜினின் துளை அளவுக்குப் பொருந்துவதை வரவழைப்பதே முறை.

மாட்டும் வேலைக்கு அவசரம் ஆகாது. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கூலண்டை வடித்துவிட்டு, வெல்ச் பிளக்கின் ஒரு விளிம்பில் மட்டும் மெதுவாகத் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும். பிளையரால் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். கடலூர், புதுச்சேரி வண்டிகளில் அப்போது துளைவழியே கொட்டுவது பெரும்பாலும் கூலண்ட் அல்ல. செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர். கடற்கரை ஊர்களில் உப்புள்ள போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிப் பழகியதன் விளைவு அது. அந்த உப்பு ஹீட்டரின் சுருளில் படிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றிச் சுருள் எரிந்துபோகும். போதாததற்கு, வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். ஆகவே முதலில் உள்ளே நன்றாகக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டுக்கு மாற வேண்டும். அந்தக் கலவை மைனஸ் 35 டிகிரிக்கும் கீழேதான் உறையும். கூலண்டை மாற்ற மனமில்லாதவர் ஹீட்டருக்குச் செலவு செய்வது வீண்.

துளையின் உள்விளிம்பை எமரித் தாளால் துரு போகத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இல்லையென்று உறுதி செய்த பிறகே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் கூலண்ட் தடவி ஹீட்டரை நுழைக்க வேண்டும். சுருள் உள்ளே வார்ப்புச் சுவரைத் தொடாதபடி திருப்பி வைத்து இறுக்குவதில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. கூலண்ட் நிரப்பி, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறி, கசிவு இல்லை என்று பார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்கலாம். சுருள் காற்றில் நிற்கும்போது சுவிட்சைப் போட்டால் சில நொடிகளில் அது வீணாகும். ஒயர், புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் ஃபேன் பெல்ட்டையும் விட்டு விலகி, நன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக் இல்லாமல் இதை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. ஈரப் பனியில் நின்றுகொண்டு வண்டியின் கதவைத் தொடுபவரின் உயிர் அந்த எர்த்தில்தான் இருக்கிறது. இரவு முழுவதும் ஓடவிடத் தேவையில்லை. காருக்குப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, பெரிய லாரி என்ஜினுக்கு இன்னும் சற்று முன்பு, டைமர் வைத்துப் போட்டால் போதும்.

பிளாக் ஹீட்டர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். குளிரில் டீசலில் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்வதை அது தடுக்காது. இங்கே நிரப்பிய டீசலோடு மலை ஏறாமல், அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலை நிரப்ப வேண்டும். லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த லாரிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசலும் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதை ஓட்டுநர்கள் அறிந்திருப்பது நல்லது. தவிர, ஹீட்டர் செருக மின்சாரம் வேண்டும். தங்கும் இடத்தில் மின்சாரம் நிச்சயமில்லாத பாதையில் போகிறவருக்கு, வண்டியின் எரிபொருளிலேயே எரிந்து கூலண்டைச் சூடாக்கும் வேறு வகைக் கருவிதான் பொருந்தும். ஜூன், ஜூலையில் லே போய்த் திரும்பும் குடும்பங்களுக்கோ இவை எதுவுமே வேண்டாம்; நல்ல பேட்டரியும் சரியான கூலண்டும் இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாம். அவர்களிடமும் பயம் காட்டி ஹீட்டர் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்களில் டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலையை ஒருநாள் செய்முறைப் பயிற்சியாகவாவது சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களில் பலர் நாளை வெளிமாநிலத்திலும் குளிர் நாடுகளிலும் வேலைக்குப் போகக்கூடியவர்கள். பயிற்சிக்குத் தேவையான பழைய ஆறு சிலிண்டர் என்ஜின் பிளாக் ஒன்று என் பட்டறையில் இருக்கிறது, கேட்கும் ஐ.டி.ஐ.க்கு அதை விலையின்றித் தரவும், வந்து நின்று மாட்டிக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
கடலூர் முதுநகர்.