காய்ச்சலும் பாய்ச்சலும்: மதகு திறப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாசன வாய்க்கால்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், நெல் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேளாண் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டும் முறையைப் பரப்பச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வருகிறது. பயிற்சி வைக்கிறீர்கள், மண்ணுக்குள் நீர்மட்டம் பார்க்கத் துளையிட்ட குழாய் கொடுக்கிறீர்கள், புகைப்படமும் எடுக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் அந்தக் குழாய் வரப்போரம் சாய்ந்து கிடக்கிறது. விவசாயிக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை போகிறது. எங்கள் கணிப்பு வேறு. குழாய் வயலில் இருக்கிறது, மதகு உங்கள் கையில் இருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நீர் கட்டிய ஓரிரு நாளில் சேற்றிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பிழைக்கின்றன. அவையும் தீர்ந்த பிறகுதான், புவி வெப்பத்தைக் கூட்டும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேளை வருகிறது. வயலில் கால் வைத்தால் கிளம்பும் குமிழியில் அந்த வாயு இருக்கிறது. ஆனால் குமிழியாக வருவது கொஞ்சம்தான். தூர் கட்டிய பயிரில் 90 சதவீதம் வரைகூட நெற்பயிர் வழியாகவே வெளியேறும். தாளைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாகக் காற்றறைகள் தெரியும். வேருக்கு ஆக்சிஜன் இறங்குவதற்காக இருக்கும் அந்த வழியிலேயே மீத்தேன் மேலே ஏறிவிடுகிறது. பருவத்தில் பலமுறை வயலைக் காயவிட்டால் இது ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2006-இல் வெளியிட்ட கணக்கீட்டு நெறி, எப்போதும் நீர் நிற்கும் வயலை 1 என்று வைத்து, பலமுறை காயும் வயலுக்கு 0.52 என்று கொடுக்கிறது.

முறையில் சிக்கல் ஒன்றுமில்லை. 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள குழாய் போதும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மண்ணுக்குள் போகும் பாதியில் சுற்றிலும் துளைகள் வேண்டும். உள்ளே அடைத்துக்கொண்ட மண்ணை அடிவரை கையால் எடுத்துவிட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீர் கட்டிச் சில மணி நேரம் கழித்தும் குழாய்க்குள் ஒரு மட்டமும் வெளியே ஒரு மட்டமுமாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பிடுங்கி மறுபடி நட வேண்டும். உழவுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் தட்டைத் துளைத்துக்கொண்டு குழாய் இறங்கினால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. மேட்டிலும் வேண்டாம், பள்ளத்திலும் வேண்டாம். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் சராசரி மட்டமுள்ள இடமாகப் பார்த்து நடுங்கள்.

நாற்று நட்டு ஒன்றிரண்டு வாரம் நீர் நிற்கட்டும். களை அதிகமென்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாம். அதன்பின் குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் கட்ட வேண்டும். மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருந்தாலும் அந்த ஆழம் வரை வேர் ஈரத்தை எட்டிப் பிடித்துவிடும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் காய்ச்சல் கூடாது. அந்த நாட்களில் வறண்டால் மணி பிடிக்காது, கதிர் பதராகும்.

இனி உங்கள் பங்கு. வயல் ஒருமுறை காய ஒரு நாளும் ஆகலாம், பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். மண்ணும் வெயிலும் அதை முடிவு செய்கின்றன. அடுத்த முறை நீர் என்று வரும் என்பதே தெரியாத கடைமடைக்காரர், இருக்கிற நீரை வற்றவிடுவாரா? வந்தபோது வரப்பு முட்டக் கட்டி வைப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். தலைமடையில் கதையே தலைகீழ்: வாய்க்கால் ஓயாமல் ஓடுகிறது, பக்கத்து வயல் கசிகிறது, காயவிட நினைத்தாலும் காயாது. தண்ணீர் வரியையும் பரப்புக்கு வசூலிக்கிறீர்கள் என்றால், மிச்சம் பிடித்தவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. பிலிப்பைன்சின் பொஹோல் தீவில் இந்த முறை வேரூன்றியதற்குக் காரணம், அங்கே பாசன நிர்வாகமே முறைவைத்து நீர் விட்டதுதான்.

ஒரே கிளை வாய்க்காலில் நடவு ஒரு மாதம் இழுத்துக்கொண்டே போனால், எந்த நாளில் மதகை மூடினாலும் யாருடைய பயிராவது பூவில் இருக்கும். அதனால் ஒரு மடைக்குக் கீழே உள்ளவர்கள் பத்து நாளுக்குள் நட்டு முடிக்கும்படி முதல் நீரைத் திட்டமிடுங்கள். மற்ற ஏற்பாடுகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர் வருவதற்குச் சற்று முன், காய்ந்த மண்ணில் யூரியாவைப் போட்டால் அது நீரோடு உள்ளே இறங்கும். மதகு திறப்பது நான்கு நாள் தள்ளிப்போனால் ஈரம் மிச்சமிருக்கும் மண்ணின் மேல் கிடந்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். காய்ந்த வயலில் உருவான நைட்ரேட்டும் மறுபடி நீர் கட்டியதும் வாயுவாகிவிடும். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும் என்றால், இது 273 மடங்கு. மீத்தேனை மட்டும் எண்ணி லாபம் பேசுகிறவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அரிசியிலும் மாற்றம் வருகிறது. நீர் நின்றால் மண்ணில் இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் கரைந்து, சிலிக்கான் போகும் வழியிலேயே நெல்லுக்குள் ஏறுகிறது. காயவிட்டால் அது குறையும். காட்மியம் என்ற நச்சு உலோகம் நேர் எதிர்: காய்ந்த மண்ணில்தான் பயிர் அதை அதிகம் இழுக்கும். தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.2 மி.கி., காட்மியம் 0.4 மி.கி. என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. சுரங்கக் கழிவோ ஆலைக் கழிவோ கலந்த நீர் பாயும் நிலத்தில், மண்ணைச் சோதிக்காமல் இந்த முறையைப் பரப்புவது தவறு. உவர் நிலத்திலும் யோசித்துச் செய்யுங்கள். காய்ந்தால் உப்பு மேலே வரும்.

வைக்கோலைப் பற்றியும் ஒரு சொல். நடவுக்கு முந்தைய 30 நாளுக்குள் மடக்கி உழுத வைக்கோலால் வரும் மீத்தேனை 1 என்று வைத்தால், அதற்கு முன்பே உழுததற்கு 0.29, மக்கிய உரத்துக்கு 0.05 என்று அதே ஐபிசிசி நெறி சொல்கிறது. அறுவடை முடிந்ததும் உழுதுவிடுங்கள் என்ற ஆலோசனைக்குச் செலவே இல்லை.

ஆகவே, வரும் பருவத்துக்கு நாற்றங்கால் விதைப்புக்கு முன்பே ஒவ்வொரு மடைக்கும் ஒரு தாள் ஒட்டுங்கள். நீர் வரும் தேதிகள், பூக்கும் காலத்துக்கென்று ஒதுக்கிய நாட்கள், தேதி தள்ளிப்போனால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லும் பொறுப்பாளரின் பெயர், இவை அதில் இருக்கட்டும். குழாய்களை அந்தத் தாள் ஒட்டிய பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
நெல் வயல் நீர் மேலாண்மையில் பணிபுரிவோர்